ஃபார்மேட் செய்தால் ஹார்ட் டிஸ்க் பெரிதாகுமா?

(சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில், சிசிடிவி பதிவு குறித்த விவாதத்தின்போது ஏ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கம்ப்யூட்டர் சர்வீஸ் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு வர இயலாத பலர் கேட்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

செகரட்டரி சார் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் லாரி விஷயம் இருக்கிறது. அதனால் நான் கூடுதலாக எடுத்துக்கொண்டால் நீங்களே என்னை உட்கார வைத்துவிடுவீர்கள் என்று தெரியும்.

செக்யூரிட்டி அறையில் இருக்கிற டிவிஆர்-இல் 16 கேமராக்களின் பதிவு ஆறு நாள்கூட முழுசாக நிற்பதில்லை என்று போன கூட்டத்தில் பேசினோம். அதைச் சரிசெய்ய ஒரு சர்வீஸ்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். "ஹார்ட் டிஸ்க் லோ லெவல் ஃபார்மேட்டிங், கொள்ளளவு அதிகரிப்பு: ரூ. 4,500" என்று அதில் இருக்கிறது. கமிட்டி கேட்டுக்கொண்டதால் அவரிடம் நேரில் பேசினேன். "சார், இது 4 டெராபைட் டிஸ்க். ஆனா 3.63தான் காட்டுது. லோ லெவல் பண்ணினா மிச்சமும் வந்துடும். அதுக்கு மேலயும் கொஞ்சம் கிடைக்கும்" என்றார்.

வராது. ஒரு பைட்கூட வராது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த ஒரு விஷயத்தை யாரிடமோ கேட்டுவிட்டு, அது இன்றைக்கும் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே இப்படி நம்புகிறவர்கள் உண்டு. அதனால் கொட்டேஷனை வேண்டாம் என்று சொல்வதற்கு முன், அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பில்டர் சாவியைக் கொடுத்தபோது அது வெறும் சிமென்ட் தரை. பிறகுதான் வெள்ளைக் கோடு போட்டு, நம்பர் எழுதினோம். எந்த இடம் எந்த ஃபிளாட்டுக்கு என்று ஒரு ரெஜிஸ்டரும் போட்டோம். ஹார்ட் டிஸ்க்கிலும் இந்த இரண்டு வேலை உண்டு. காந்தப் பூச்சு பூசிய தட்டில், வட்ட வட்டமான தடங்களில், "இங்கே ஒரு செக்டர் ஆரம்பம், இதன் எண் இது" என்று கோடு போடுவதுதான் லோ லெவல் ஃபார்மேட். அந்தக் கோடுகளுக்கு மேல் ரெஜிஸ்டர் போடுவது சாதாரண ஃபார்மேட். உங்கள் லேப்டாப்பில் நீங்கள் செய்வது இந்த இரண்டாவது வேலை மட்டும்தான். ரெஜிஸ்டரைக் கிழித்துவிட்டுப் புது நோட்டு வாங்குவது மாதிரி. கோடுகள் அப்படியே இருக்கும்.

1980களில் கோடு போடுகிற வேலையும் எங்களிடம் இருந்தது. சீகேட் கம்பெனியின் எஸ்டி-225 என்று ஒரு டிஸ்க். 20 மெகாபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு கல்யாண வீடியோ அதற்குள் அடங்காது. அப்போது ஒரு அலுவலகத்தின் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. அந்த டிஸ்க்கில் ஒரு தடத்தின் மொத்த நீளத்தில் 10,416 பைட் எழுதலாம். கோடு போட்ட பிறகு 17 செக்டர், ஒவ்வொன்றிலும் 512 பைட், ஆக 8,704 பைட்தான் நமக்குக் கிடைக்கும். மிச்சம் 1,712 பைட் எங்கே போயிற்று? செக்டருக்குச் செக்டர் இடைவெளி, எண், பிழை சரிபார்க்கும் குறியீடு, இவற்றுக்குப் போயிற்று. பார்க்கிங்கில் இரண்டு காருக்கு நடுவில் கதவு திறக்க இடம் விடுகிறோமே, அது மாதிரி. அந்த இடம் வீண் இல்லை. அது இல்லாவிட்டால் வண்டியை எடுக்கவே முடியாது.

இந்த 17 செக்டர் கணக்கு எம்எஃப்எம் என்கிற எழுதும் முறைக்கு உரியது. பிறகு ஆர்எல்எல் என்று ஒரு முறை வந்தது. அதே நீளத்தில் தகவலை இன்னும் நெருக்கமாகக் குறியீடு செய்கிற முறை. தரை அதே தரைதான், வண்டியைத்தான் சின்னதாக்கிவிட்டார்கள். தடத்துக்கு 17 செக்டர் இருந்த இடத்தில் 26 செக்டர் வந்தது. எஸ்டி-225 போலவே 615 சிலிண்டர், 4 ஹெட் கொண்ட எஸ்டி-238ஆர் என்கிற டிஸ்க்கை 30 மெகாபைட் என்று விற்றார்கள். அதே அளவு தட்டில் ஒன்றரை மடங்கு!

அப்புறம் என்ன, நம் ஊர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? உலகத்தில் எந்த ஊர் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. 20 மெகாபைட் டிஸ்க்கை வாங்குவது, அதோடு ஆர்எல்எல் கன்ட்ரோலர் கார்டைச் சேர்ப்பது, லோ லெவல் ஃபார்மேட் கொடுப்பது. திரையில் 30 மெகாபைட் வந்து நிற்கும். ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காமல் பத்து மெகாபைட். சர்வீஸ்காரர் சொல்கிற "மேலயும் கொஞ்சம்" இந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

ஆனால் ஆர்எல்எல்-க்கு என்று சோதித்துத் தயாரிக்காத டிஸ்க்கில் அப்படிச் செய்தால், சில மாதம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு நாள் காலையில் ஒரு ஃபைல் திறக்காது. அடுத்த வாரம் இன்னொன்று. கோடையில் ஏசி இல்லாத அறையில் இருந்தால் இன்னும் சீக்கிரம். நெருக்கி எழுதியதைத் துல்லியமாகப் படிக்கிற தரம் அந்தத் தட்டிலும் ஹெட்டிலும் இல்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்து டிஸ்க்கின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்தத் தடத்தில் எந்த ஹெட்டில் பூச்சு சரியில்லை என்று ஃபேக்டரியிலேயே சோதித்து அச்சிட்டிருப்பார்கள். ஃபார்மேட் செய்கிறபோது அந்த எண்களை நாம் கையால் தட்டிக் கொடுக்க வேண்டும். சோம்பல்பட்டு அதை விட்டவர்களுக்கும் கொஞ்சம் இடம் "கூடுதலாக" கிடைத்தது. எந்த மாதிரி இடம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று லோ லெவல் ஃபார்மேட்டில் இன்னொரு நுணுக்கமும் இருந்தது. இன்டர்லீவ் என்பார்கள். தட்டு நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றும். ஒரு செக்டரைப் படித்துக் கம்ப்யூட்டர் அதை வாங்கி வைப்பதற்குள் அடுத்த செக்டர் ஹெட்டைத் தாண்டிப் போய்விடும். மறுபடி அது வருவதற்கு ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். அதனால் 1, 2, 3 என்று வரிசையாக எண் போடாமல், இரண்டு இரண்டு இடம் விட்டு எண் போடுவோம். மெஷினுக்கு ஏற்ற இடைவெளியைக் கண்டுபிடித்துப் போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடும். இதைச் சோதித்துச் சொல்வதற்கென்றே ஸ்பின்ரைட் என்று ஒரு புரோகிராம் இருந்தது. இதில் கூடியது வேகம், இடம் இல்லை. ஆனால் கேட்டவர்கள் காதில் "லோ லெவல் போட்டா டிஸ்க் நல்லா ஆயிடும்" என்று மொத்தமாகப் பதிந்துவிட்டது.

இப்போது நம் டிவிஆர்-க்கு வருகிறேன்.

1990களில் ஐடிஇ டிஸ்க்குகள் வந்து நிலைத்தபோது, கோடு போடுகிற வேலை ஃபேக்டரிக்குப் போய்விட்டது. இன்றைக்குத் தட்டின் மேல், ஹெட்டுக்கு வழிகாட்டுகிற சர்வோ குறிகள் இருக்கின்றன. அவற்றை எழுத ஃபேக்டரியில்தான் வசதி உண்டு. வெளிவட்டத் தடம் நீளமானது என்பதால் அங்கே செக்டர்கள் அதிகம், உள்வட்டத்தில் குறைவு. கெட்ட இடங்களின் பட்டியல் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. ஓடும்போது ஏதாவது செக்டர் பழுதானால், ஒதுக்கி வைத்திருக்கிற உபரி செக்டரை டிஸ்க்கே அதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து நாம் போய் "கோட்டை அழித்துப் புதிதாகப் போடு" என்றால் அது கேட்காது. கேட்டால்தான் ஆபத்து. குறிகள் போனால் ஹெட்டுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது.

இன்டர்நெட்டில் "லோ லெவல் ஃபார்மேட்" என்ற பெயரில் கிடைக்கிற புரோகிராம்கள் செய்வது ஒன்றே ஒன்று. முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை பூஜ்யம் எழுதுவது. வீட்டைக் காலி செய்து தரையைக் கழுவி விடுவது மாதிரி. கழுவினால் 1,050 சதுர அடி 1,200 ஆகுமா?

கோடு போடுவதில் இடம் மிச்சம் பிடிக்கிற கலை செத்துவிடவில்லை. அது ஃபேக்டரியில் நடக்கிறது. 512 பைட் செக்டர் ஒன்றுக்கு, இடைவெளிக்கும் அடையாளத்துக்கும் சுமார் 15 பைட், பிழை திருத்தத்துக்கு 50 பைட், ஆக 65 பைட் கூடுதலாக வேண்டியிருந்தது. எட்டு செக்டருக்கு 520 பைட். எட்டையும் ஒன்றாக்கி 4,096 பைட் செக்டராகப் போட்டால், இடைவெளிக்கு அதே 15, பிழை திருத்தத்துக்கு 100, மொத்தம் 115 பைட் போதும். அதனால் தட்டில் பயன்படும் பகுதி ஏறத்தாழ 88 சதவீதத்திலிருந்து 97 சதவீதமாக உயர்ந்தது. பிழை திருத்தும் திறனும் கூடியது. அட்வான்ஸ்டு ஃபார்மேட் என்று இதற்குப் பெயர். 2011 தொடக்கத்திலிருந்து கம்பெனிகள் இதற்கு மாறின. நம் டிவிஆர் டிஸ்க்கின் லேபிளிலும் அந்தச் சின்னம் இருக்கிறது, பார்த்தேன். அதாவது பிழிய வேண்டியதை ஃபேக்டரியிலேயே பிழிந்துதான் நமக்கு விற்றிருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பெரிய சர்வர்களில் 520 பைட் செக்டர் வைத்த டிஸ்க்குகள் ஓடும். அவை செகண்ட் ஹேண்டாக வெளியே வந்தால் சாதாரணக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. அதற்கு உண்மையாகவே ஃபார்மேட் கட்டளை கொடுத்து 512-க்கு மாற்றலாம். பல மணி நேரம் ஆகும். நடுவில் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கேயும் மாறுவது செக்டரின் அளவுதான், கொள்ளளவு கூடாது. நம் டிவிஆர்-இல் அந்த டிஸ்க்கின் கனெக்டரே பொருந்தாது.

சரி, 4 டெராபைட் எப்படி 3.63 ஆயிற்று? எங்கும் போகவில்லை. டிஸ்க் கம்பெனி ஒரு டெராபைட் என்றால் 1-க்குப் பின் 12 பூஜ்யம் என்று எண்ணுகிறது. விண்டோஸும் பல டிவிஆர்-களும் 1,024-இன் மடங்குகளில் எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் ஒரு டெராபைட் என்பது 1,09,951 கோடி பைட்டுக்கு மேல். 4 லட்சம் கோடியை அதால் வகுத்தால் 3.63 சொச்சம் வரும். கிலோமீட்டரில் அளந்த தூரத்தை மைலில் சொன்னால் எண் சின்னதாகத்தான் இருக்கும். ரோடு குறைந்துவிடவில்லை. ஒரு பேச்சுக்கு, அந்த 0.37-ஐ யாரோ மந்திரம் போட்டு மீட்டுத் தந்தாலும் நமக்குக் கிடைப்பது அரை நாள் பதிவு.

இந்த நாள் கணக்கில் நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். மூன்று மாதம் முன்பு சி பிளாக்கில் ஒரு பார்சல் காணவில்லை. டெலிவரி கொடுத்தாயிற்று என்று கூரியர்காரர் சொன்னார். அந்த நேரத்தில் மாடிப்படியில் ஏறி இறங்கியது வீட்டு வேலைக்கு வருகிற ஓர் அம்மா. யாரும் அவரை நேரடியாகத் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்த பார்வை இருக்கிறதே. பதிவைப் பார்க்கலாம் என்று எட்டாவது நாள்தான் யாருக்கோ தோன்றியது. டிவிஆர் அதற்குள் அந்த நாளின் மேல் புதுப் பதிவை எழுதிவிட்டது. அந்த அம்மா அந்த வாரமே மூன்று வீட்டு வேலையையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் எடுத்தாரா, கூரியர்காரர் வேறு பிளாக்கில் வைத்தாரா, எனக்குத் தெரியாது. இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாது. எட்டு நாள் பதிவு இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த எட்டு நாளை எப்படிக் கொண்டுவருவது? கணக்குப் பார்த்தேன். நம் டிவிஆர்-இல் ஒவ்வொரு கேமராவும் எச்.264 முறையில், நொடிக்கு 4 மெகாபிட் என்று செட் செய்திருக்கிறார்கள். எட்டு பிட் ஒரு பைட். எனவே நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஒரு கேமராவுக்கு 43.2 ஜிகாபைட். 16 கேமராவுக்கு 691 ஜிகாபைட். 4,000-ஐ 691-ஆல் வகுத்தால் 5.8 நாள். கொட்டேஷன்காரர் வந்து பார்க்காமலே இது தெரிந்திருக்க வேண்டிய எண்.

இதே டிவிஆர்-இல் எச்.265 வசதி இருக்கிறது. மெனுவில் மாற்றினால் போதும், காசு கிடையாது. நம்முடையவை அனலாக் ஹெச்டி கேமராக்கள். படத்தைச் சுருக்குகிற வேலையை டிவிஆர்-தான் செய்கிறது. அதனால் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. எச்.265-இல் ஏறத்தாழப் பாதி அளவிலேயே அதே தரம் கிடைக்கும். கேட்டில் இருக்கிற இரண்டு கேமராவை மட்டும் 4 மெகாபிட்டிலேயே விடலாம், வண்டி நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். மாடிப்படி, லிஃப்ட் லாபி, பார்க்கிங் என்று பத்து கேமராவை 2 மெகாபிட்டுக்கு இறக்கலாம். மொட்டை மாடி, மோட்டார் ரூம், ஜெனரேட்டர், பின்பக்கச் சுவர், இந்த நான்கையும் 2 மெகாபிட்டில், அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைக்கலாம். மாடிக் கேமரா இப்போது நாள் முழுக்கப் பதிவது காயப்போட்ட துணியைத்தான். அந்த நான்கில் கால்வாசி நேரம் அசைவு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஒரு நாளைக்கு 324 ஜிகாபைட். இதே டிஸ்க்கில் 12 நாள் நிற்கும்.

12 நாள் போதாது, 30 நாள் வேண்டும் என்பது என் கட்சி. ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வருகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். டிவிஆர்-இல் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் காலியாக இருக்கிறது. 8 டெராபைட் வரை ஏற்கும் என்று மேனுவலில் போட்டிருக்கிறது. சிசிடிவி-க்கென்றே வருகிற 8 டெராபைட் டிஸ்க் ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 12 டெராபைட், 37 நாள். ரூ. 4,500-ஐ ஃபார்மேட்டுக்குக் கொடுப்பதற்குப் பதில் அதற்குப் போடலாம். மீதிப் பணம் சிங்கிங் ஃபண்டிலிருந்தா, மெயின்டெனன்ஸிலிருந்தா என்பதை நீங்கள் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டு டிஸ்க்கைப் பற்றி லிஃப்டில் என்னைக் கேட்டவர்களுக்கும் இரண்டு வார்த்தை. இடம் உண்மையிலேயே குறைந்து தெரிகிற சந்தர்ப்பங்கள் உண்டு, ஆனால் அவை எல்லாம் ரெஜிஸ்டர் சமாசாரம். 4 டெராபைட் டிஸ்க் போட்டு சுமார் 2 மட்டும் பயன்படுத்த முடிகிறது என்றால், அது எம்பிஆர் என்கிற பழைய பார்டிஷன் முறையில் இருக்கிறது, ஜிபிடி-க்கு மாற்றினால் முழுசும் வரும். பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்-இல் ஃபார்மேட் செய்தால் ஒரு குட்டி ஃபைலுக்குக்கூட 128 கிலோபைட் ஒதுக்கிவிடும். சினிமா, போட்டோ வைத்தால் பரவாயில்லை, ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல் வைத்தால் வீண். லினக்ஸ் வைத்திருக்கிற பையன்கள் கவனிக்க: இஎக்ஸ்டி4-இல் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். வெறும் டேட்டா டிஸ்க்கில் அதைக் குறைக்கலாம், 4 டெராபைட்டில் 200 ஜிகாபைட் கையில் கிடைக்கும். எதையும் தொடுவதற்கு முன் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதையில் "2 டெராபைட் பென் டிரைவ்" என்று சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்காதீர்கள். உள்ளே சின்ன சிப்தான் இருக்கும். பெரிய எண்ணைக் காட்டும்படி புரோகிராமை மாற்றியிருப்பார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பழைய போட்டோவின் மேல் போய் விழும்.

கடைசியாக ஒன்று. அந்த "லோ லெவல்" புரோகிராமுக்கு நம்மிடம் ஒரு நல்ல வேலை இருக்கிறது. முன்பு கழற்றிய பழைய 1 டெராபைட் டிஸ்க் அலுவலக அலமாரியில் கிடக்கிறது. அதைப் பழைய சாமான்காரரிடம் போடலாம் என்று போன வாரம் பேச்சு வந்தது. அதில் நம் குழந்தைகள் ஸ்கூல் வேனில் ஏறுகிற நேரமும், எந்த ஃபிளாட் எப்போது பூட்டியிருக்கிறது என்பதும் இருக்கிறது. சாதாரண ஃபார்மேட் ரெஜிஸ்டரை மட்டும்தான் கிழிக்கும், படம் அப்படியே இருக்கும், மீட்டுவிடலாம். முழுக்கப் பூஜ்யம் எழுதிவிட்டால் மீட்க முடியாது. அந்த டிஸ்க்கின் வேகத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுச் செய்து தருகிறேன், கமிட்டியிலிருந்து ஒருவர் கூட இருக்க வேண்டும்.

புது டிஸ்க்குக்கு ஒப்புதல் கிடைத்தால், செட்டிங் மாற்றுவதையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். அதுவரை யாராவது பதிவு கேட்டு வந்தால் முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். டிவிஆர் மெனுவில் ஃபார்மேட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் இருக்கிற ஆறு நாளும் போய்விடும் என்று செக்யூரிட்டி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். இரவு ஷிஃப்டுக்கு வருகிறவரிடம் செகரட்டரி சார் சொல்லிவிட வேண்டும். பாஸ்வேர்டு இன்னும் சுவரில்தான் எழுதி ஒட்டியிருக்கிறது.